பிஎஸ்எம்பி8 வில்லன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் பிஎஸ்எம்பி8 மரபணுவைப் புற்றுநோய்க்குத் துணைபோகும் 'வில்லன்' என்று எழுதி, அதை முடக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று முடித்திருந்தீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அது முடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தினமும் என் மகனிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு இருப்பது நக்காஜோ-நிஷிமுரா நோய்.

தாங்கள் அறியாததல்ல. செல்லுக்குள் வேண்டாத புரதங்களை வெட்டித் துண்டாக்கும் புரோட்டியசோமுக்கு ஒரு பாகம் தருவது இந்த மரபணுதான். கிருமியின் புரதத்தை நறுக்கி நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது பழுதானால், கிருமியே இல்லாதபோதும் உடம்பு இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். மகனுக்குக் கைக்குழந்தையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இமைகள் ஊதா நிறத்தில் வீங்கும். கன்னத்துச் சதை கரைந்துவிட்டது. விரல்கள் மடங்கியே நின்றுவிட்டதால், சட்டைப் பொத்தானை இரண்டு மணிக்கட்டுகளாலும் அழுத்தித்தான் துளைக்குள் தள்ளுகிறான். தொற்று, தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தே வருடங்களை ஓட்டினார்கள். இத்தனைக்கும் ஜப்பானில் நக்காஜோ என்ற மருத்துவர் 1939-இலேயே இந்த நோயைப் பதிவு செய்திருக்கிறார். 2011-இல் மரபணுவும் தெரிந்துவிட்டது.

புரோட்டியசோமைத் தடுக்கும் போர்டிசோமிப் என்ற மருந்து 2003 முதல் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு உதவுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதையும் அளவு பார்த்து, இடைவெளி விட்டுத்தான் தருகிறார்கள். கைகால் நரம்புகள் பாதிக்கப்படுவது அதன் தெரிந்த பக்கவிளைவு. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

அப்புறம், பழைய வருத்தம் ஒன்று. பரம்பரை நோயைத் தாய்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்ற தொனியில் முன்பு ஒரு கட்டுரை போட்டீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே உறவினர்கள் என் மனைவியைப் பேசினார்கள். பெரும்பாலும் இந்த நோய் வர, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். பெற்றவர்கள் இருவருமே நலமாகத்தான் இருப்பார்கள். அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பக்கத்தின் மூலையில் ஆனாலும் சரி. 'நக்காஜோ-நிஷிமுரா நோய்' என்ற பெயர் மட்டும் அதில் இருக்கட்டும், காரணம் தெரியாத காய்ச்சலோடு அலையும் இன்னொரு பிள்ளையின் பெற்றோர் கண்ணில் படலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்