வேலையில் சேரும் முன் போபாலுக்குப் போய் வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி எழுதுவது. கடலூர் சிப்காட்டில் உனக்கு வேலை கிடைத்த செய்தியை அக்கா சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. அன்றைக்குப் போனில் நான் போபால் பேச்சை எடுத்தபோது, "அதெல்லாம் சேஃப்டி பாடத்தில் படிச்சாச்சு சித்தி, கேஸும் முடிஞ்சுபோச்சு, கழிவையும் எரிச்சுட்டாங்க" என்றாய். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நீ படித்தது எதுவும் தப்பில்லை. பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில் நானும் அதையேதான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். 1984 டிசம்பர் 2 இரவு, போபாலில் யூனியன் கார்பைடு என்ற அமெரிக்கக் கம்பெனியின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் இ-610 என்ற தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய நச்சுத் திரவம். சூடு ஏறி, அழுத்தம் ஏறி, வால்வு திறந்து, வாயு ஊருக்குள் இறங்கியது. தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரத்தை ஜூன் மாதமே நிறுத்திவிட்டிருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை, குழாய் கழற்றப்பட்டிருந்தது. அந்தப் பிரிவில் ஒரு ஷிப்ட்டுக்கு 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்த்தார்கள். எல்லாம் செலவுக் குறைப்பு. தண்ணீரை யாரோ வேண்டுமென்றே உள்ளே விட்டார்கள் என்று கம்பெனி கடைசிவரை சொன்னது. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு குழாய்த் தண்ணீர் ஓர் ஊரையே கொல்லும் அளவுக்கு மற்ற எல்லாக் காவலையும் எடுத்துவைத்தது யார்?

சரி, இதெல்லாம் உனக்குத் தெரியும். தொழிற்சாலை மதிலுக்கு வெளியே அன்று படுத்திருந்தவர்களுக்கு வேறு சில விஷயங்கள் தெரியும். அவை உன் பாடத்தில் இருக்காது.

மதிலை ஒட்டியே ஜே.பி. நகர். கொஞ்சம் தள்ளிக் காஜி கேம்ப், ரயில்வே காலனி. அங்கே பிழைத்தவர்களைக் கேட்டால் பலரும் மிளகாய் நெடியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாயைத் தீயில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தோம் என்பார்கள். திருஷ்டி கழிக்கிற வீட்டில் நின்று இருமியவர்களுக்கு அது உடனே புரியும். இருமல் நிற்கவில்லை, கண் எரிந்தது, பார்வை மங்கியது, தெருவில் கூச்சல் கேட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருட்டில் கைவிட்டுப் போன பிள்ளையை விடிந்தபிறகு ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களுக்கு நடுவே தேடிய தாய்கள் உண்டு.

ஓடியதுதான் பலரைக் கொன்றது, தம்பி. ஓடினால் மூச்சு வாங்கும், வாங்க வாங்க வாயு உள்ளே போகும். காற்று வீசிய பக்கமாகவே ஓடியவர்கள் வாயுவின் கூடவே ஓடினார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வரும், அதனால் உயரம் குறைந்த குழந்தைகளுக்குத்தான் அதிகம் போனது. கதவை இறுக்கிச் சாத்தி, முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். துணி இல்லாத வீடு அந்த ஊரில் ஏது? பானையில் தண்ணீரும் இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஊரை எச்சரிக்க வேண்டிய சங்கு கொஞ்ச நேரம் ஊதி அடங்கிவிட்டது, மறுபடி முழுசாக ஊதியபோது ஜனங்கள் தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஹமீதியா ஆஸ்பத்திரி டாக்டர்கள் இது என்ன வாயு என்று கேட்டபோது, கண்ணீர்ப்புகை மாதிரிதான், தண்ணீரில் கழுவினால் போதும் என்று கம்பெனித் தரப்பில் பதில் வந்தது.

தொழிற்சாலைக்கு உள்ளே இருந்து பிழைத்தவர்கள் சொன்னதும் இருக்கிறது. கண் எரிகிறது என்று அவர்கள் இரவு 11.30 வாக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள். அங்கே கசிவைக் காட்டும் முக்கியமான கருவி தொழிலாளியின் கண்தான், அதனால் யாரும் பதறவில்லை. டீ குடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். டீ முடிந்தபோது தொட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. நீ என்றைக்காவது ராத்திரி ஷிப்ட்டில் இருக்கும்போது ஓர் ஆபரேட்டர் வந்து கண் எரியுது சார் என்றால், கையில் இருக்கிற டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்திரு. வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதே.

அந்த ராத்திரியில் தன் பொறுப்பை உணர்ந்து நடந்தவர்களும் இருந்தார்கள். போபால் ரயில் நிலையத் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர் அப்படி ஒருவர். பிளாட்பாரத்தில் நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸை மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். போபாலுக்கு ரயில் விடாதீர்கள் என்று பக்கத்து நிலையங்களுக்குத் தகவல் சொன்னார். ரயிலில் இருந்தவர்கள் தப்பினார்கள். அவர் நிலையத்திலேயே நின்று வாயுவை மூச்சில் வாங்கி, மிச்ச வாழ்நாளெல்லாம் அதோடு போராடி 2003-ல் போனார். பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி இன்னொருவர். 1981 டிசம்பரில் அதே தொழிற்சாலையில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு பட்டு முகமது அஷ்ரஃப் என்ற தொழிலாளி இறந்ததைத் துருவிப்போய், 1982-லிருந்து ஊர் அழியப்போகிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். உன் பாடத்தில் 2,259 பேர் என்றோ 3,787 பேர் என்றோ போட்டிருப்பார்கள். முதலாவது அரசு ஆரம்பத்தில் சொன்னது, இரண்டாவது மத்தியப் பிரதேச அரசு பிறகு ஒப்புக்கொண்டது. இழப்பீட்டுக் கணக்கில் 5,000-ஐத் தாண்டியது. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் பல ஆண்டுகளில் இறந்தவர்களையும் சேர்த்து 20,000-க்கு மேல் என்கின்றன. இந்த எண் தானாக வளரவில்லை. என் புருஷன் அந்த வாயுவால்தான் செத்தார் என்று காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிய பெண்கள் வளர்த்த எண் அது.

கர்ப்பிணிகளின் விஷயமும் அப்படித்தான். கரு கலைகிறது, மாதவிடாய் தாறுமாறாகிறது என்று அந்தக் குடிசைப் பகுதிப் பெண்கள் முதல் சில மாதங்களிலேயே சொன்னார்கள். மனப்பிரமை, சத்துக்குறைவு, சுத்தம் போதாது என்று தட்டிக்கழித்தார்கள். பிறகு தொழிற்சாலையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 865 கர்ப்பங்களை எடுத்து ஆராய்ந்ததில், அவற்றில் 43 சதவீதத்தில் குழந்தை உயிரோடு பிறக்கவில்லை என்று தெரிந்தது. பெண்கள் சொன்னதைத்தான் அறிவியல் நிதானமாக வந்து உறுதி செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் நீண்டகால ஆய்வை 1994-ல் நிறுத்திக்கொண்டது. மூச்சிரைப்பும் கண் கோளாறும் புற்றுநோயும் 1994-ல் நின்றுவிடவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரின் உடம்பு என்ன ஆனது என்பதைப் பெரும்பாலும் அந்த ஜனங்களே வாயால் சொல்லி, தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து பதிவு செய்துவந்தார்கள். ஒருவர் பிழைத்து வந்து சொல்கிற கதையைக் கண்ணீருக்கான சமாச்சாரமாக மட்டும் பார்க்காதே என்று நான் சொல்வது இதனால்தான். அது சாட்சி, பல இடங்களில் இருக்கிற ஒரே சாட்சியும் அதுதான்.

ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரண்டு பெயர்களையும் மனப்பாடம் செய்துகொள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. வாயுவால் குடும்பம் சிதைந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று திறந்த ஸ்டேஷனரி தயாரிக்கும் கூடத்தில் கூலிக்குச் சேர்ந்து, அங்கே பழகியவர்கள். கூலி போதவில்லை என்று சங்கம் வைத்தார்கள். 1989-ல் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டெல்லிக்கு நடந்தே போனார்கள். 2002-ல் டெல்லியில் 19 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2004-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தப் பணத்தில் இருவரும் வீடு கட்டிக்கொள்ளவில்லை. வாயுவுக்குப் பிறகு, தொழிற்சாலைக் கழிவு கலந்து பாழான தண்ணீரைக் குடித்த தாய்களுக்கு, உடலிலும் மூளையிலும் குறையோடு பிறந்த குழந்தைகளுக்காகச் சிங்காரி டிரஸ்ட் தொடங்கினார்கள். நாங்கள் பூக்கள் அல்ல, தீப்பொறிகள் என்பது போபால் பெண்கள் ஊர்வலத்தில் போடும் கோஷம். அந்தப் பொறியைத்தான் டிரஸ்டுக்குப் பேராக வைத்திருக்கிறார்கள்.

கேஸ் முடிந்தது என்றாய் அல்லவா, எப்படி முடிந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 330 கோடி டாலர் கேட்ட இந்திய அரசு 1989-ல் 47 கோடிக்கு ஒத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கைக்கு வந்தது 25,000 ரூபாய். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதான அன்றே ஜாமீனில் வெளியே வந்து, அரசு விமானத்திலேயே டெல்லி போய், நாட்டை விட்டும் போய், ஒரு நாளும் இங்கே விசாரணைக்கு வராமல் 2014-ல் அமெரிக்காவில் இறந்தார். 2010-ல் கம்பெனியின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருடத் தண்டனை, உடனே ஜாமீன். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொழிற்சாலையில் கிடந்த 337 டன் கழிவை 2025 தொடக்கத்தில் அதே மாநிலத்துப் பீதம்பூருக்கு ஏற்றிப்போனபோது அந்த ஊர் ஜனங்கள் பயந்து தெருவுக்கு வந்தார்கள், கடைசியில் அங்கேயே எரித்தார்கள். வளாகத்துக்குள்ளும் சுற்றிலும் மண்ணில் இறங்கியது, நிலத்தடி நீரில் கலந்தது எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இதற்குப் பெயர் முடிவு என்றால் எனக்குச் சம்மதமில்லை.

பழைய கதை என்றும் ஒதுக்கிவிடாதே. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் விடியற்காலையில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஸ்டைரீன் என்ற நச்சு வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். அங்கேயும் சங்கு ஊதவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் நம் எண்ணூரில் கடலுக்கடியில் வரும் அம்மோனியாக் குழாய் கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் என்னவென்றே தெரியாமல் குழந்தைகளோடு இருட்டில் ஓடினார்கள். அடுத்த நாள் செய்தியில் அவர்கள் பேசியதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது, எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை, யாரும் சொல்லவில்லை. போபால்காரர்கள் 1984-லிருந்து சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். அதைக் காதில் வாங்கியிருந்தால், குழாய் போகிற ஒவ்வொரு குப்பத்திலும் காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

போபாலில் 'ரிமெம்பர் போபால்' என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2014 டிசம்பரில் திறந்தது. பத்திரிகையாளர் ரமா லட்சுமி பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் கொடுத்த பொருள்களையும் அவர்களுடைய குரல்களையும் கொண்டு உருவாக்கியது. அரசிடமிருந்தோ கம்பெனிகளிடமிருந்தோ ஒரு பைசா வாங்கக் கூடாது என்பதில் அந்த மக்கள் உறுதியாக இருந்தார்கள். சுவரில் பழைய டெலிபோன் ரிசீவர்கள் இருக்கும். எடுத்துக் காதில் வைத்தால் ஒருவர் பேசுவார். இறந்துபோன குழந்தையின் உடுப்பு எதிரில் இருக்கும், அதைப் போட்டுவிட்ட தாயின் குரல் உன் காதில் இருக்கும். அரைகுறை ஹிந்தி தெரிந்த எனக்கே அங்கே மொழி ஒரு தடையாகத் தெரியவில்லை. ஒரு ரிசீவரில் பேசியவர் நடுவில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஐசோசயனேட் நுரையீரலை என்ன செய்யும் என்று நான் இத்தனை வருஷம் பாடம் நடத்தியதைவிட அந்த இடைவெளிகளில் அதிகம் தெரிந்தது.

பேரிடர் என்றதும் நம் ஊரில் ஒரு நிமிட மௌனம், மெழுகுவர்த்தி, ஒரு தூண் என்று முடித்துவிடுகிறோம். அதில் எனக்கு வெறுப்பு இல்லை. தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் தாய்–குழந்தை சிலையை நானும் கும்பிட்டேன். நாஜி முகாம்களிலிருந்து பிழைத்தவர்களின் மகள் ரூத் வாட்டர்மேன் 1985-ல் செய்து கொடுத்தது அது. ஆனால் பிழைத்தவர்கள் கேட்பது மௌனத்தை அல்ல. அவர்கள் பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. பாதிக்கப்பட்ட பெண்களை ஆயிரக்கணக்கில் திரட்டிப் பல ஆண்டுகள் போராடிய அப்துல் ஜப்பார் 2019-ல் போய்விட்டார். கேஸ்வானி 2021-ல் போனார். அன்று இளம் தாயாக இருந்தவர்கள் இன்று பாட்டிகள். ரிசீவரில் இருக்கும் குரலிடம் நாம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. உயிரோடு இருப்பவரிடம் கேட்கலாம். ஈரத்துணி பற்றி உங்களுக்கு முன்பே யாராவது சொன்னார்களா? சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று தெரியுமா? உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நினைத்திருந்தீர்கள்? ஒரு பொறியாளன் போய் இதையெல்லாம் கேட்டால் அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அப்புறம் கடலூரில், சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு சாயங்காலம் மதிலுக்கு வெளியே நட. டீக்கடையில் உட்கார். உங்கள் தொட்டியில் இருப்பது என்ன, சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியுமா என்று விசாரி. தெரியாது என்றால் உன் மேலதிகாரியிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதே, எழுத்தில் கொடு, நகல் ஒன்று வைத்துக்கொள். புதுப் பையன் அதிகம் பேசுகிறான் என்பார்கள், சொல்லட்டும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் சென்னையிலிருந்து போபால் வழியாகத்தான் போகின்றன. வேலையில் சேர உனக்கு இன்னும் நாள் இருப்பதாக அக்கா சொன்னாள். நானும் வருகிறேன், ரிசீவரில் பேசுவது புரியாவிட்டால் எனக்குத் தெரிந்த அளவுக்கு எடுத்துச் சொல்கிறேன். எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று எழுது.

அன்புடன்,
உன் சித்தி