ஞாயிறு சந்திப்பு: கெட்சம் விருதும் நம் ஆட்களும்

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு மாலை 5 மணிக்குத் தேக்கா உணவங்காடியில் கூடுகிறோம். தே தாரிக் என் செலவு, வடை அவரவர் செலவு.

பல் சீரமைப்பில், அதாவது கம்பி போட்டுப் பல்லை வரிசையாக்கும் துறையில், பெரிய விருது எது என்று போன முறை ஒருவர் கேட்டிருந்தார். ஆராய்ச்சிக்கு என்றால் என் பதில், அமெரிக்கப் பல் சீரமைப்பு வாரியம் தரும் ஆல்பர்ட் கெட்சம் நினைவு விருது. 1929இல் தொடங்கிய அந்த வாரியத்தின் முதல் தலைவர் கெட்சம். கம்பி போட்டுப் பல்லை நகர்த்தும்போது சிலருக்கு வேர் நுனி கரைந்து குட்டையாவதை எக்ஸ்ரேயில் காட்டியவர். சிகிச்சை நடுவில் நாம் எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேவைக்கும் தனி விருது உண்டு, அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் பிரோஃபி பெயரில் தருவது. ஆனால் இதெல்லாம் மருத்துவர்களுக்குத்தான். கிளினிக் மூடும் நேரத்தில் கன்னத்தைக் கம்பி குத்தி அழும் பிள்ளைக்கு, மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி ஒட்டி அனுப்பும் உதவியாளருக்கு யார் தருவது? நாமே ஒரு பொன்னாடை போடலாம். ஆளுக்கு ஒரு பெயரோடு வாருங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், சிலருக்கு மேடை என்றாலே கூச்சம்.

அப்புறம், நோயாளிகளின் படங்களைக் குழுவில் போட வேண்டாம்.