வளைவு கட்டும் காசில் விடுதிக்குச் சோறு போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்தவப் பள்ளிகளின் பாரம்பரியத்தையும் தேச மறுமலர்ச்சியில் அவற்றின் பங்கையும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எழுதியவருக்குக் கட்டடத்தைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. மணிக்கூண்டு, தேக்குக் கதவு, நூற்றாண்டுக் கல்வெட்டு, கடைசியில் கலெக்டரும் டாக்டருமான பழைய மாணவர் பட்டியல். செட்டிநாட்டுக்காரனான எனக்கு இது பழகிய வியாதி. முன்னோர் கட்டிய பெரிய வளவு வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, அவர்களுக்குப் படையலிடும் படைப்புக்கு மட்டும் வந்து திறந்து கும்பிட்டுப் போவதைப் போலப் பள்ளிக்கூடத்தையும் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

பாரம்பரியம் என்று பேசினால் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. 1780-களில் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானிய லுத்தரன் பாதிரியாரின் முயற்சியில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட்டன. ஸ்வார்ட்ஸ் பெயரைத் தாங்கிய ராமநாதபுரம் பள்ளிக்குத்தான் ராமேஸ்வரத்திலிருந்து அப்துல் கலாம் படிக்க வந்தார். அங்கே தனக்கு ஆசிரியராக இருந்த அய்யாதுரை சாலமனைக் கடைசி வரை அவர் நன்றியோடு சொல்லிவந்தார். போர்ச்சுகலில் பிறந்து, காவி உடுத்து, புலால் தவிர்த்து, அருளானந்தர் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஜான் தே பிரித்தோ பாதிரியாரை 1693-ல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் ஆட்சியில் ஓரியூரில் வெட்டினார்கள். அவர் பெயரிலேயே இயேசு சபையார் தேவகோட்டையில் நடத்தும் பள்ளியில் இன்று அதே சீமைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சரி, இடப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம்.

தனிநாயகம் அடிகளை விட்டதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரோமில் படித்துக் குருவானவர் அவர். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த பிறகுதான் தன் தமிழ் போதாது என்று அவருக்கு உறைத்தது. அதே ஊரில் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் உட்கார்ந்து தமிழ் படித்தார். அங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு பாதிரியார் ஐயரிடம் இலக்கணம் கேட்கிறார்! அப்புறம் தமிழில் எம்.ஏ. படிக்கப் போன இடம் நம் செட்டிநாட்டு ராஜா அண்ணாமலை செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் உண்டாக்கிய பல்கலைக்கழகம். அங்கிருந்து புறப்பட்டவர்தான் 1952-ல் தமிழ்ப் பண்பாட்டுக்கென ஆங்கில ஆய்விதழ் தொடங்கினார். 1964-ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். கிறிஸ்தவப் பள்ளி, ஐயர் வாத்தியார், செட்டியார் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து ஒரு மனிதரை உருவாக்கியிருக்கின்றன. தேச மறுமலர்ச்சி என்று நான் நம்புவது இந்த மாதிரிச் சங்கதிகளைத்தான்.

நானும் எழுபதுகளில் இங்கே ஒரு மிஷன் பள்ளி விடுதியில் இருந்தவன். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. கிறிஸ்தவப் பையன்கள் மறைக்கல்விக்குப் போகும்போது எங்களுக்கு நன்னெறி வகுப்பு. யாரும் யாரையும் இழுக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவரவர் அலுமினியத் தட்டை அவரவரே சாம்பல் போட்டுக் கழுவ வேண்டும். வட்டிக்கடை வீட்டுப் பையன் ஒருவன், வீட்டில் தண்ணீர் மோந்துகூடக் குடித்தறியாதவன், முதல் வாரம் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். வார்டன் சாமியார் திட்டவில்லை. அவனுக்குப் பக்கத்தில் குந்தி, தன் தட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். தொட்டியின் அந்தப் பக்கம் வண்ணார் வீட்டுப் பையன் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். அந்த வரிசையில் பள்ளிக்கூடம் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்று எந்தக் கல்வெட்டிலும் எழுதவில்லை.

அதற்காக எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. தனிநாயகம் அடிகள் பாடம் நடத்திய அதே வடக்கன்குளத்தில்தான், சாதிக்கு ஒரு பக்கம் என்று உள்ளே சுவர் வைத்துக் கட்டிய தேவாலயம் இருந்தது. இரண்டு காலாகப் பிரிந்து நின்றதால் ‘கால்சட்டைக் கோவில்’ என்பார்கள். பிறகு அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. புகழ்ந்து எழுதுகிறவர்கள் சுவரையும் சொல்ல வேண்டும், இடித்ததையும் சொல்ல வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்த பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அலங்கார வளைவு கட்டப் போகிறார்களாம், என்னிடமும் நன்கொடை கேட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் விடுதியில் பாதிக்கு மேல் காலி. அரசு உதவி பெறும் தமிழ் வழி வகுப்புகளில் கூட்டம் இல்லை. அதே வளாகத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளி நிரம்பி வழிகிறது. கட்டுகிற சக்தி உள்ளவன் இந்தப் பக்கம், இல்லாதவன் அந்தப் பக்கம். இடித்த சுவர் வேறு மாதிரி எழுந்திருக்கிறது.

இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியபோது, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. விவசாயக் கூலியின் மகள் மிஷன் பள்ளியில் படித்தால் அந்த வாய்ப்பு இல்லை. விவரம் தெரிந்த பெற்றோர் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’, அடுத்து பணி நிரவல் என்று வேறு பள்ளிக்கு மாற்றல். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஒப்புதல் வாங்க அலைய வேண்டும். காலை உணவு மட்டும் 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல காரியம். அந்த மனசு ஒதுக்கீட்டிலும் இருந்திருக்கலாம்.

வளைவுக்காரர்களுக்கு நான் சொன்னது இதுதான்: வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், வாசலில் வளைவு வைக்கக் கொடுக்கவில்லை. இருபது கிராமத்துப் பிள்ளைகளின் விடுதிச் செலவை ஏற்பதாக இருந்தால் என் பங்கை இன்றைக்கே தருகிறேன். ‘யோசிக்கிறோம் அண்ணே’ என்று போயிருக்கிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த பகுதிக்குச் செய்தியாளரை அனுப்பும்போது மணிக்கூண்டைப் படமெடுத்த கையோடு, சிவகங்கை மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர் இடங்கள் காலி, எத்தனை விடுதிகள் மூடிக்கிடக்கின்றன என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய விடுதி மாணவன்,
தேவகோட்டை.