அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்

இணையத்தில் ஊடகக் கலையைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கலைக்கூடங்களுக்கும், அவற்றின் கியூரேட்டர்களுக்கும் இணையப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நான் கலைஞன் இல்லை. வெப்சைட் கட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவன். வீடியோ கலை, நெட் ஆர்ட் (இணையத்துக்கென்றே செய்யும் கலை), ஒலிக் கலை என்று நீங்கள் சொல்லும் வகையறாக்களை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து திரையில்தான் பார்த்திருக்கிறேன். நியூயார்க்குக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ டிக்கெட் போட்டுப் போய்ப் பார்க்கிற வசதி கிடையாது. நீங்கள் இணையத்தில் எதைக் காட்டுகிறீர்களோ அதுதான் எனக்குப் படைப்பு. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

2020 ஊரடங்கு சமயத்தில் வெளிநாட்டுக் கலைக்கூடம் ஒன்று, 70-களில் எடுத்த ஒரு வீடியோவை ஒரே ஒரு நாள் இலவசமாகக் காட்டுவதாக அறிவித்தது. அவர்கள் ஊர்ப் பிற்பகல் நமக்கு நள்ளிரவு. முழித்திருந்து திறந்தேன். கிட்டத்தட்டச் சதுரமாக இருந்த பழைய டிவி படத்தை அகலத்திரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். ஆட்களின் முகம் தோசைபோலப் பரந்து கிடந்தது. யாராவது கையை வீசினால் கையோரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினேன், ஹெட்போன் போட்டேன், பிரவுசரை மாற்றினேன். கடைசியில் வேறெங்கோ படித்துத்தான் தெரிந்தது, அது ஆரம்பத்திலிருந்தே ஒலியில்லாத படைப்பு. படம் முடிந்த மறு நொடி, அந்தக் கூடத்தின் அறிமுக வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. அதில் மட்டும் சத்தம் கணீரென்று இருந்தது!

பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது மூன்றே சங்கதி. கலைஞரின் பெயர், ஆண்டு, அப்புறம் ‘வீடியோ’ என்று ஒரு சொல்.

அதே கூடத்தில் ஓர் ஓவியம் தொங்கினால் ‘கித்தானில் எண்ணெய் வண்ணம்’ என்று தொடங்கி, நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் போட்டு, யார் கொடுத்தது என்பதுவரை ஒரு சீட்டு ஒட்டுவீர்கள். அச்சுப் பிரதியை மூல ஓவியம் என்று சொல்லி மாட்ட மாட்டீர்கள். இணையத்துக்கு வந்ததும் அந்த நாணயம் எங்கே போகிறது? நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் ஒரு சீட்டு. நான் பார்ப்பது மூலமா, பழுதுபார்த்ததா, பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓடுவதா, அல்லது யாரோ ஓட்டும்போது எடுத்த திரைப்பதிவா? மூலத்தில் இருந்து இங்கே இல்லாதது என்ன? இதை நாலு வரியில் சொல்லிவிடலாம்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். உங்களில் சிலர் செய்தே காட்டியிருக்கிறீர்கள். டக்ளஸ் டேவிஸ் 1994-ல் ‘உலகின் முதல் கூட்டு வாக்கியம்’ என்று ஒன்றை இணையத்தில் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து என்ன வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம், முற்றுப்புள்ளி மட்டும் வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டே அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. காலப்போக்கில் படுத்துவிட்டது. எழுதிச் சேர்க்கும் வசதி வேலை செய்யவில்லை, லிங்குகள் செத்துப்போயின, கொரிய மொழியில் எழுதியிருந்தவை வெறும் குறிக் குப்பையாகிவிட்டன. 2013-ல் விட்னி அதைச் சீரமைத்தபோது இரண்டு பதிப்புகளாக வைத்தது. பழுதோடு அப்படியே இருக்கும் பழைய வடிவம் ஒன்று. பழுது நீக்கி மறுபடி எழுத விடும் வடிவம் இன்னொன்று. எது எது என்று பெயர் போட்டும் வைத்தார்கள். இரண்டில் எது ‘உண்மையானது’ என்ற வம்பில் மாட்டாமல் தீர்ப்பைப் பார்க்கிறவனிடம் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கொரியக் குப்பையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் இணையம் பார்த்த என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் வரும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துமுறை வைத்திருந்தோம். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பில் ஒரு பிழையும் இருக்காது. ‘இது பாமினி, இந்த ஃபான்ட் வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால் கவிதை, இல்லாவிட்டால் குப்பை. சீட்டின் அருமையை நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

நிரலைப் பழுதுபார்ப்பதிலும் நாணயம் உண்டு. ஷூ லீ சாங் என்ற கலைஞர் 1998-ல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்த ‘பிராண்டன்’, அவர்கள் கேட்டுச் செய்வித்த முதல் இணையப் படைப்பு. அதிலிருந்த ஜாவா ஆப்லெட்டுகளை, அதாவது பக்கத்துக்குள் ஓடும் குட்டி நிரல்களை, பிரவுசர்கள் கைவிட்டன. 2016-17-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையோடு சேர்ந்து அதைச் சீரமைத்தார்கள். பழைய வரிகளைத் துடைத்து எறியாமல் ஓடாதபடி முடக்கி வைத்து, புதிய வரிகளைப் பக்கத்தில் எழுதினார்கள். என் தொழிலில் எந்த வாடிக்கையாளரும் இதற்குக் காசு கொடுக்க மாட்டார். ஆனால் அடுத்து வருகிறவன் எது கலைஞர் எழுதியது, எது மெக்கானிக் போட்டது என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை.

திரைப்பதிவு, ஸ்கிரீன்ஷாட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வயிறு எரிவது இங்கேதான். ஜோடி என்று ஒரு கலைஞர் குழு இருக்கிறது. பெயருக்கேற்ப இரண்டே பேர், ஜோன் ஹீம்ஸ்கெர்க், டிர்க் பேஸ்மன்ஸ். 90-களின் நடுவில் அவர்கள் போட்ட முகப்புப் பக்கம், கறுப்பின் மேல் பச்சையில் புள்ளியும் கோடும் எண்ணுமாக அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடக்கும். சரி, ஏதோ கோளாறு என்று மூட நினைப்போம். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூலநிரலைத் (சோர்ஸ் கோட்) திறந்து பார்த்தால் தெரியும், அதே புள்ளியும் கோடும் வரி வரியாக அடுக்கி அணுகுண்டின் வரைபடமாக நிற்கும். பிரவுசர் வரி முறிப்பை மதிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதால்தான் மேலே குப்பை. இதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துப் போட்டால் மிஞ்சுவது ஒரு பச்சை நிறப் படம், படைப்பு மிஞ்சாது. மொபைலில் மூலநிரலைப் பார்ப்பதும் லேசில்லை. ‘உள்ளே குண்டு இருக்கிறது’ என்று சீட்டில் போட்டு ரகசியத்தை உடைக்கச் சொல்லவில்லை. ‘இதைக் கணினியில் பாருங்கள்’ என்று ஒரு வரி போதும்.

வேகமும் படைப்பின் பகுதியாக இருக்கலாம். ஓலியா லியாலினாவின் 1996-ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில், போரிலிருந்து திரும்பிய காதலனோடு நடக்கும் பேச்சு, நாம் கிளிக் செய்யச் செய்யச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிளந்துகொண்டே போகும். இன்றைய பிரவுசரிலும் ஓடுகிறது. ஆனால் அன்று மோடத்தில் ஒவ்வொரு படமும் தவழ்ந்து வந்து சேரும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று சட்டென்று வந்து விழுகிறது. பழைய பிரவுசரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இணையக் கலையைப் பாதுகாக்கும் ரைசோம் அமைப்பு 2015-லேயே வழி செய்து கொடுத்தது. எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ‘அன்று இது மெதுவாக வந்தது’ என்று எழுதுங்கள்.

சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு வரி, கடைசியாகச் சோதித்த நாள். இதை வெப்சைட்காரனாகச் சொல்கிறேன். நீங்கள் கை வைக்காவிட்டாலும் படைப்பு கெடும். 2018-ல் குரோம் பிரவுசர், பார்க்கிறவர் தொடாமல் பக்கம் தானாகச் சத்தம் எழுப்புவதைத் தடுத்தது. விளம்பரத் தொல்லைக்கு நல்ல மருந்துதான். ஆனால் பிரவுசருக்குள்ளேயே ஒலியை உண்டாக்கும் விளையாட்டுகளும் கலைப்படைப்புகளும் பல ஊமையாகின. கூச்சல் கிளம்பியதும் தள்ளிவைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தார்கள். பிரவுசரில் அனிமேஷனையும் விளையாட்டையும் ஓட்டிய ஃபிளாஷின் கதை உங்களுக்கே தெரியும். 2020 டிசம்பர் 31-ல் அடோபி கைகழுவியது, 2021 ஜனவரி 12 முதல் ஓடவே விடவில்லை. ரஃபிள் போன்ற எமுலேட்டர்கள் பலவற்றை எழுப்பியிருக்கின்றன, எல்லாவற்றையும் இல்லை. ஃபிளாஷ் படைப்பு இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டத்தோடு நிற்கும் பக்கங்களை இன்னும் பார்க்கிறேன். மேலே மட்டும் ‘எங்கள் சேகரிப்பிலிருந்து’ என்று கம்பீரமான தலைப்பு.

உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: ‘கறுப்பு வெள்ளை வீடியோ, 4:3, ஒலி கிடையாது, 22 நிமிடம். கண்காட்சியில் பழைய டிவிப் பெட்டியில் முடிவில்லாமல் சுழன்றது. இங்கே இருப்பது நாடாவிலிருந்து எடுத்த டிஜிட்டல் பிரதியின் சுருக்கிய வடிவம், 300 எம்பி. கலைஞரின் சம்மதத்தோடு. சென்ற மாதம் கணினியிலும் மொபைலிலும் சோதித்தோம்.’ எம்பி கணக்கை ஏன் போட்டேன் என்றால், எங்கள் பக்கம் பாதிப் பேர் தினசரி டேட்டாவில் ஓடுகிறவர்கள். பாதியில் தீர்ந்து நின்றால் அதுதான் முடிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மின்னும் படைப்புக்கு முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நொடிக்கு 3 தடவைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு போகிமான் காட்சி மின்னியதில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படைப்பை வெட்டச் சொல்லவில்லை, கதவுக்கு முன்னால் ஒரு பலகை வைக்கச் சொல்கிறேன். பேச்சு இருந்தால் எழுத்து வடிவம் கொடுங்கள். நம் நாட்டிலேயே பார்த்துக் கற்கலாம்: 2008-ல் மும்பையின் கேம்ப் கலைஞர் குழுவும் சில அமைப்புகளும் தொடங்கிய பேட்.மா ஆவணகத்தில், வீடியோவின் எந்த நொடியில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது பக்கத்திலேயே எழுத்தாக ஓடும். அப்புறம், ‘இணையத்தில் போட்டால் உங்களுக்குத்தானே விளம்பரம்’ என்று கலைஞரிடம் சொல்லிக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எடுத்துவிடுவதாக இருந்தால் எப்போது என்று சொல்லிவிட்டு எடுங்கள். 1997-ல் ஜெர்மனியில் பத்தாவது டாக்குமென்டா கலைக் கண்காட்சி முடிந்ததும் இணையதளத்தையும் மூடப்போகிறோம் என்றார்கள். வூக் சோசிச் என்ற ஸ்லோவேனியக் கலைஞர் மொத்தத் தளத்தையும் நகலெடுத்துத் தன் சர்வரில் போட்டுவிட்டார். திருட்டு என்று திட்டியவர்களும் உண்டு. அவருக்கு என் கும்பிடு.

உங்கள் தளத்திலிருந்து ஒரே ஒரு படைப்பை எடுத்து, இந்த வாரம் ஒரு சீட்டு எழுதிப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே திணறுவீர்கள். சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், மொபைலில் காட்டலாமா, ஜாவா போய்விட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் கலைஞருக்குத்தான் தெரியும். போன் போட்டுக் கேளுங்கள், தள்ளிப்போடாமல் கேளுங்கள். விட்னி சீரமைத்த பதிப்பு வெளியானது 2013-ல். டக்ளஸ் டேவிஸ் 2014 ஜனவரியில் இறந்துபோனார்.

இப்படிக்கு,
நள்ளிரவில் ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டிய ஒரு பார்வையாளர்