இலை வாங்க ஒரே ஆள் மிஞ்சினால்: இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். பெரிய கம்பெனி ஒன்று இன்னொன்றை வாங்கினால் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற நடைமுறை 2011 ஜூன் முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வலையின் கண் எங்கள் மலைக்கு ரொம்பப் பெரிது.

வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து 450 கோடி ரூபாய்க்குள்ளோ, விற்றுமுதல் (ஓராண்டின் மொத்த விற்பனை) 1,250 கோடிக்குள்ளோ இருந்தால் பொதுவாக அது உங்களிடம் வரத் தேவையில்லை. எங்களிடம் இலை வாங்கித் தூள் போடும் ஒரு பேக்டரி ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ தூள் போட்டு, கிலோ 150 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். 15 கோடி. அப்படிப் பத்து பேக்டரிகளை ஒரே முதலாளி வாங்கிச் சேர்த்தாலும் 150 கோடிதான். உங்கள் மேசைக்கு ஒரு தாள்கூட வராது.

இந்தியா முழுக்கப் பார்த்தால் இது சில்லறைக் காசு. எங்களுக்கு அப்படி இல்லை. பறித்த கொழுந்தை அன்றைக்கே பேக்டரியில் சேர்க்க வேண்டும். மூட்டையில் சூடேறினால் சிவந்துபோகும். அதனால் எங்கள் சந்தை என்பது லாரி சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய தூரம், அவ்வளவுதான். சந்தையின் எல்லையைத் தீர்மானிக்கும்போது போக்குவரத்துச் செலவைப் பார்க்கச் சொல்லி உங்கள் போட்டிச் சட்டத்தின் 19ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் ஒரு விஷயம் உங்களிடம் வந்தால்தானே அதையெல்லாம் பார்ப்பீர்கள்?

தேயிலை வாரியம் தூளின் ஏல விலையை வைத்து மாதந்தோறும் பச்சை இலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. சிறு விவசாயிகளின் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் 16 தேயிலைத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. இருந்தாலும் சராசரிக்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்றால், பக்கத்துப் பேக்டரியின் லாரியும் அதே சாலையில் வருவதால்தான்.

நாலு பேக்டரிக்காரர்கள் கூடிப் பேசி, இலைக்கு இவ்வளவுதான் கொடுப்பது என்று முடிவு செய்தால், 3ஆம் பிரிவின்படி அது தவறு. விற்கும் விலை மட்டுமல்ல, வாங்கும் விலையும் அதில் அடங்கும். அதே நாலு பேக்டரிகளும் ஒருவர் கைக்குப் போய்விட்டால் கூடிப் பேசவே வேண்டியதில்லை, எல்லாம் சட்டப்படி சரி! ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் 4ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம்தான். கொடுத்துவிட்டு மறுநாள் காலை அதே பேக்டரிக்குத்தானே இலை போட வேண்டும்? யார் கொடுப்பார்?

சொத்தையும் விற்றுமுதலையும் மட்டும் அளந்தால் போதாது என்பது உங்களுக்குப் புதிதல்ல. 2014இல் பேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்கியபோது அது உங்கள் ஒப்புதலுக்கு வரவில்லை. அப்படிப்பட்டவையும் தப்பக்கூடாது என்றுதான் 2023இல் சட்டத்தைத் திருத்தி, மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டும் ஒப்பந்தங்களையும் உங்கள் ஒப்புதலுக்குள் கொண்டுவந்தார்கள். மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தவர்களுக்குக் கீழே இருப்பது தெரியாமலா போகும்?

எல்லா விற்பனையையும் தடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நொடித்துப்போன பேக்டரியை மூடுவதைவிட யாராவது வாங்கி நடத்துவது மேல். அதற்காக டெல்லிவரை அலைய வைத்தால், வாங்க வருபவரும் ஓடிவிடுவார்.

வரம்பை நிர்ணயிப்பது மத்திய அரசு என்பது தெரியும், ஆனால் உங்கள் கருத்துக்கு அங்கே எடை உண்டு. சீக்கிரம் கெட்டுப்போகும் விளைபொருளை விவசாயியிடம் நேரடியாக வாங்கும் ஆலைகள் கைமாறும்போது, ஒப்புதல் வேண்டாம், முன்கூட்டி ஒரு அறிவிப்பாவது கட்டாயம் என்று பரிந்துரையுங்கள். அதற்கு முன்னால், இணைய வணிகத்துக்கு 2020இல் வெளியிட்டதைப் போல, நீலகிரிப் பச்சைத் தேயிலைக்கும் ஒரு சந்தை ஆய்வு நடத்துங்கள். உங்கள் சென்னை அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பலாம். பேக்டரி அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்காமல், இலை எடை போடும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள். கேள்விகள் தமிழில் இருக்கட்டும். பதில் சொல்பவர் பெயர் எந்தப் பேக்டரிக்கும் போகக் கூடாது.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர்