மதுரைக்கு வந்தால் ஒரு நாள் கூடுதலாக இருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வெளியூரிலிருந்து மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசித்து, ஒரு ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு, அன்றைக்கே ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். போன மாதம் கோவையிலிருந்து வந்த என் மச்சினரும் அதே யோசனையில்தான் இருந்தார். விடவில்லை நான். மதியம் கோயில் நடை சாத்திய நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனேன், அந்தத் தூண் ஒன்றை அவரும் அவர் மகனும் சேர்ந்து கட்டிப்பிடித்துப் பார்த்தும் கை எட்டவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. கீழே தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், காலடியில் வட்டெழுத்து. வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாறை சுட்டுவிடும். அப்புறம் கீழடி. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளையும் தந்தத்தில் செய்த பகடைக்காயையும் பார்த்த பையன் போனையே மறந்துவிட்டான்!

குறை ஒன்றுதான். சமணர் மலைக்குத் திரும்பும் இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை இல்லாமல் நாங்கள் இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம், கடைசியில் டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் கிளம்பி இந்த இடங்களைச் சுற்றிக்காட்ட ஒரு பேருந்து விட்டால், வயதானவர்களும் ஆட்டோவுக்குப் பேரம் பேசாமல் போய்வரலாம்.

– ஒரு வாசகர், மதுரை