மீட்டர் ஓடாத வீடுகள்

கொழிஞ்சாம்பாறை

நம் சேமிப்புக் குழு அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில், குழுப் பணத்தைப் போட்டு மலப்புறம் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்கலாம் என்று முடிவாகிற மாதிரி இருந்தது. உலகத்திலேயே வேகமாக வளரும் நகரம் அதுதான் என்ற பட்டியலை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். நான் அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியல் பொய் இல்லை. 2020 தொடக்கத்தில் வந்தது. 2015-லிருந்து 2020 வரை மலப்புறத்தின் வளர்ச்சி 44.1 சதவீதம் என்று சொன்னது. ஆனால் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலப்புறம் நகரத்தொகுதியில், அதாவது நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பகுதியில், இருந்தவர்கள் சுமார் 1.7 லட்சம் பேர். 2011-ல் சுமார் 17 லட்சம். பத்து வருஷத்தில் பதினைந்து லட்சம் பேரா பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள்? இல்லை. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை: இந்த மூன்றும் இருந்தால், பஞ்சாயத்தாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். அப்படிச் சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் சேர்ந்துதான் எண் பெருத்தது. அதே பத்து வருஷத்தில் மாவட்டம் முழுக்க வளர்ந்தது 13.4 சதவீதம், கேரளம் 4.9 சதவீதம். அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். சொந்த வீட்டில் இருப்பவர் நமக்கு வாடகை தரமாட்டார்.

நான் இருபத்தெட்டு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரே வாசலில் போய் நின்றிருக்கிறேன். மாடி வீடு, கிரானைட் படி, கேட்டுக்கு இரண்டு பக்கமும் விளக்கு. மீட்டர் பெட்டியைத் திறந்தால் போன தடவை பார்த்த எண் அப்படியே இருக்கும், குறுக்கே சிலந்தி வலை. பிள்ளைகள் துபாயில், பெற்றவர்கள் அவர்களோடு. 2011-லேயே கேரளத்தில் பத்தில் ஒரு வீடு காலி. அப்படிப்பட்ட இடத்தில் நாமும் போய் ஒரு வீட்டை வாங்கிப் பூட்டி வைப்பதா?

பாலக்காட்டுப் பக்கம் ஆலைகள் இருக்கும் கஞ்சிக்கோட்டில் நான் பார்த்தது வேறு. தகரக் கூரை போட்ட லைன் வீடு, எட்டுக் கதவு, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சப்-மீட்டர். வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு. ஷிஃப்ட் முடிந்து ஒருவர் படுக்கும்போது இன்னொருவர் கிளம்புவார். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஊரைவிட்டு வந்ததே வேலைக்குத்தான். அதனால் முதல் நாளே அவர்களுக்கு வாடகை வீடு வேண்டும். ஐ.ஐ.டி.யும் அங்கேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பாலக்காட்டுக்குத் தொழில் நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதை நம்பி மட்டும் இப்போதே நிலம் வாங்கச் சொல்லமாட்டேன். ஆலை வந்து, ஆள் வரட்டும்.

வாளையாரைத் தாண்டினால் கோவை. அந்த மாவட்டம் 2001-லிருந்து 2011-க்குள் 18 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது, அதில் வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அங்கே விலை ஏறிவிட்டது. நாற்பது லட்சம் போட்டு மாதம் பத்தாயிரம் வந்தால் வருஷத்துக்கு மூன்று சதவீதம். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் இரண்டரை. அப்புறம் வரி, வெள்ளையடிப்பு. கூட்டத்தில் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. சீட்டுப் பணத்தை நம்பிக் கொடுத்த விதவை அக்காமார் மூன்று பேர் நம் குழுவில் இருக்கிறார்கள்.

2011-க்கு அப்புறம் முழுக் கணக்கெடுப்பு நடந்து முடியவில்லை. அடுத்த தலை எண்ணிக்கை 2027 பிப்ரவரியில். அதுவரை கையில் இருப்பது பழைய எண்தான், நாம்தான் நேரில் போய் எண்ண வேண்டும். எந்த ஊரானாலும் சரி, காலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் எத்தனை பேர், 'வாடகைக்கு' என்ற அட்டை எத்தனை வாசலில், அது எத்தனை மாதமாகத் தொங்குகிறது என்று பார்க்கலாம்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் வண்டி எடுத்து வருகிறேன். முதலில் கஞ்சிக்கோடு, அப்புறம் மலப்புறம். நான்கு பேராவது கூட வாருங்கள். மலப்புறத்து வீட்டை விற்பவரிடம் முன்பணத்துக்கு ஒரு வாரம் தவணை கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒருவன்